கண்ணீருக்குள் கத்தரிக்கோல் இருக்கிறது, தெரியுமா?

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் மாடுகள் கிளப்பும் புழுதி கண்ணில் விழாமல் வீடு திரும்ப முடியுமா? விழுந்த மறுநொடியே கண்ணீர் வந்துவிடும். அது தூசியை மட்டும்தான் கழுவுகிறது என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! கூடவே வந்த கிருமிகள் பலவற்றின் சுவரையே அறுத்துப் போடுகிறது!

அந்தக் கத்தரிக்கோலின் பெயர் லைசோசைம். அதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பெனிசிலின் புகழ் அலெக்சாண்டர் ஃபிளெமிங்! 1922இல் அதைப் பற்றி எழுதினார். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமே? உடன் வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுச் சேகரித்தாராம்! பெனிசிலின் அவர் கையில் சிக்கியது அதற்குப் பிறகு, 1928இல்தான்.

பாக்டீரியாவின் சுவர் எப்படி இருக்கும் தெரியுமா? நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலேதான்! நீளவாக்கில் சர்க்கரை இழைகள், குறுக்கே அவற்றை இழுத்துப் பிடிக்கும் முடிச்சுகள். கண்ணீர் இழையை அறுக்கிறது. பெனிசிலினோ முடிச்சுப் போடும் கையையே கட்டிப்போடுகிறது! முடிச்சில்லாத கட்டில் தாங்குமா? உள்ளிருக்கும் அழுத்தத்தில் கிருமி வெடித்துச் சிதறுகிறது. நம் உடல் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது. அதனால்தான் அந்த மருந்து கிருமியைக் கொல்கிறது, நம்மை விட்டுவிடுகிறது.

சுவரை ஒளித்துவைத்து விஞ்ஞானிகளையே ஏமாற்றிய கிருமி ஒன்று உண்டு, தெரியுமா? அதுதான் கிளமிடியா! பெனிசிலின் பட்டால் அதன் வளர்ச்சி தடுமாறும். ஆனால் எவ்வளவு தேடியும் சுவர் மட்டும் அகப்படவில்லை. பல பத்தாண்டு நீடித்த இந்தப் புதிர் 2014இல்தான் உடைந்தது. ஒளிரும் மூலக்கூறுகளை அதற்கு ஊட்டிப் பார்த்தார்கள். கிருமி இரண்டாகப் பிரியும் இடத்தில், மெல்லிய வளையமாக மின்னியது சுவர்!

கிளமிடியா குடும்பத்துக்கும் கண்ணுக்கும் பழைய பகை. பார்வையைப் பறிக்கும் ட்ரக்கோமா இதன் வேலைதான். இந்தியாவில் அது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எவ்வளவு பெரிய வெற்றி!

இன்னொரு உறவுக்காரக் கிருமி கிளிகளிடமும் மற்றப் பறவைகளிடமும் வாழ்கிறது. 2004இல் இத்தாலிய ஆய்வாளர்கள், கண்ணைச் சுற்றி வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் 40 மாதிரிகளைச் சோதித்தார்கள். 32இல் அந்தக் கிருமியின் டி.என்.ஏ. இருந்தது! ஓயாத தொற்று, எதிர்ப்புச் செல்களை ஓயாமல் தூண்டும். அவற்றில் ஒன்று கட்டுமீறிப் பெருகினால் அதுவே புற்றுநோய். ஆனால் எல்லா நாட்டிலும் இதே அளவு தென்படவில்லை. சில நாடுகளில் இந்தக் கிருமி மிக அரிது.

அடுத்ததுதான் உச்சம். இந்த லிம்போமா வந்த 27 நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது அல்லது மறைந்தே போனது! ஒரு ஆன்டிபயாட்டிக்குக்குப் புற்றுநோய்க் கட்டி கரைகிறது! இந்த மருந்து சுவரைத் தொடுவதில்லை. கிருமி புரதம் செய்யும் பட்டறையை மூடுகிறது.

கண்ணைக் காக்கும் இந்த ஆன்டிபயாட்டிக் கதையில் நம் தமிழ்நாட்டின் பங்கு தெரியுமா? 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவையின்போது மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் என்ன ஆகும் என்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அங்கே அலசினார்கள். உள்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது!

காரிமங்கலத்து மக்களே, ஒரு வேண்டுகோள். வெள்ளைவிழியிலோ இமைக்கு உள்ளேயோ வலியே இல்லாமல் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புத் தடிப்பு வந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்; அது மேலே சொன்ன லிம்போமாவாகவும் இருக்கலாம். சிவந்த கண்ணுக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். எந்த மருந்து எந்தக் கிருமியை எங்கே அடிக்கும் என்பதைக் கண் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.