மேளக்காரர் செவிக்கும் ஒரு காப்பு

திருவிழாவில் மேளம் கேட்டு மகிழும் நாம் சிறிது நேரத்தில் நகர்ந்துவிடுகிறோம். தவிற்கலைஞரோ இரதம் ஆலயம் திரும்பும்வரை அப்பேரொலியின் நடுவிலேயே நிற்கிறார். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபலாயின் 15 நிமிடமே என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை. பேரொலியால் இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

பஞ்சு போதிய காப்பன்று. நுரையாலான செவியடைப்பான் ஒலியை நன்கு குறைக்கும். ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்குவதால் நாதஸ்வரம் மங்கிக் கேட்கும். கலைஞர்கள் அதனைக் கழற்றி எறிவதில் வியப்பென்ன? இசைவாணர்க்கென்றே வடிகட்டி பொருத்திய அடைப்பான்கள் உள்ளன. அவை உச்ச ஒலி, தாழ்ந்த ஒலி இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிக்கும். 9, 15, 25 டெசிபல் எனத் தணிக்கும் வகைகளுள் தவிலுக்கு முதலிரண்டைவிட மூன்றாவதே காப்பு மிக்கது. காதின் அச்செடுத்துச் செய்துகொண்டால் வியர்வையிலும் நழுவாது.

மேள உபயம் ஏற்கும் அன்பர்கள் இச்செலவையும் அதில் சேர்க்கலாகாதா?