ஜான் டி மான்ட்டி

ஜான் டி மான்ட்டி (இறப்பு: 1821) சென்னையில் வாழ்ந்த போர்த்துக்கேய வணிகர் ஆவார். ஆழ்வார்ப்பேட்டையில் உள்ள டி மான்ட்டி காலனி இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. "பேய் வீடுகள்" என்று அவ்விடம் பெயர் பெற்றதால், இவரது உண்மை வாழ்க்கை பலருக்கும் தெரியாமல் போயிற்று.

வாழ்க்கை

டி மான்ட்டி, அர்பத்நாட் குடும்பத்தாருடன் கூட்டு வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டினார். (அர்பத்நாட் நிறுவனம் 1906-இல் முறிந்தது.) சென்னையிலும், அதற்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான கோவளத்திலும் இவருக்கு நிலங்கள் இருந்தன. கோவளத்துக் கோட்டையை 1752-இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றியபின் அது இடிக்கப்பட்டது. துறைமுகமாக அவ்வூர் பெற்றிருந்த சிறப்பும் மங்கியது. அங்கே 1808-இல் டி மான்ட்டி கார்மேல் அன்னை தேவாலயத்தைக் கட்டினார்.

இவரது குடும்ப வாழ்க்கை துயரமானது. மனைவி மனநோயால் வருந்தினார். மகன் இளமையிலேயே இறந்தார். வாரிசு இல்லாத நிலையில் தம் சொத்துகளை மயிலாப்பூர் கத்தோலிக்க மறைமாவட்டத்திற்கு எழுதி வைத்தார். இவரது உடல் கோவளம் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பேய்க் கதைகள்

டி மான்ட்டி காலனி வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. இரவில் டி மான்ட்டி உலவுகிறார், கதவுகள் தாமே திறக்கின்றன என்ற கதைகள் பரவின. இவற்றுக்குச் சான்று ஏதுமில்லை. மனைவியின் நோயும் மகனின் மரணமும் இக்கதைகளுக்குக் கருவாயின எனலாம். 2015-இல் வெளியான "டிமான்ட்டி காலனி" திரைப்படம் இப்பெயரைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தது. அதில் வரும் கொடியவனான டிமான்ட்டி கற்பனைப் பாத்திரம்.