சாமை ஆலைக்கு உதிரி பாகங்கள்: அறுவடைக்கு முன்பே சேமிப்பீர்!

ஜவ்வாது மலையில் ஆடியில் விதைக்கும் சாமை ஏறத்தாழ மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. அதனைச் சாமையாகவே விற்பதைவிட உமி நீக்கி அரிசியாக விற்றால் கூடுதல் வருமானம் உண்டு. இதற்காக விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சிறிய ஆலை நடத்தலாம். ஆனால் களம் நிறையத் தானியம் குவிந்திருக்கும் வேளையில் ஒரு சிறு பாகம் பழுதாகி, அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் என்ன ஆகும்? ஆலை நின்றுவிடும். கடன் தவணையோ நிற்காது. வியாபாரி கேட்ட விலைக்குச் சாமையைக் கொடுக்க நேரிடும். இந்த நட்டத்தைத் தவிர்க்கும் வழிகளைக் காண்போம்.

பாகங்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஆலையில் உள்ள பாகங்கள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி, கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உள்ளூர்ப் பட்டறையில் செய்யக்கூடியவை: சல்லடைச் சட்டம், தானியம் கொட்டும் தொட்டி, தாங்கிகள் போன்றவை.

2. எண்ணைச் சொன்னால் கடையில் கிடைப்பவை: பேரிங், பெல்ட் போன்றவை. பேரிங்கின் மேல் 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர், அகலம் 15 மில்லிமீட்டர் என்று பொருள். இந்த எண் முறை உலகெங்கும் ஒன்றே. எனவே எந்த நாட்டு நிறுவனம் செய்த 6205 ஆனாலும் அளவில் பொருந்தும்.

3. இயந்திரம் செய்தவரிடம் மட்டுமே கிடைப்பவை: நிறம் பார்த்துத் தானியத்தைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்தின் கேமரா, காற்று வால்வு, மின்னணு அட்டை போன்றவை. இவற்றுள் பல வெளிநாட்டிலிருந்து வருகின்றன. நம் கவனம் முழுவதும் இவற்றின் மேல் இருக்க வேண்டும்.

தாமதம் எப்படி வருகிறது?

வெளிநாட்டுப் பாகம் தொழிற்சாலை, துறைமுகம், கப்பல், சுங்கம், வணிகர் கிடங்கு எனப் பல கை மாறிய பின்னரே போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ மலையேறி ஜமுனாமரத்தூர் வந்து சேரும். இடையில் எங்கு தடை ஏற்பட்டாலும் நமக்குத் தாமதமே. 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கியதால் சூயஸ் கால்வாய் ஆறு நாட்கள் அடைபட்டது. சீனத் தொழிற்சாலைகள் அந்நாட்டுப் புத்தாண்டையொட்டி தை, மாசி மாதங்களில் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை மூடப்படும். அரசு விதியும் மாறலாம். 2020 ஜூலையில் பவர் டில்லரையும் அதன் முக்கிய பாகங்களையும் இறக்குமதி செய்வதற்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1997 பிப்ரவரியில் ஜப்பானில் ஒரு தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களுக்கான சிறிய பிரேக் வால்வு பெரும்பாலும் அங்கேதான் தயாரானது. அந்தச் சிறு வால்வு இல்லாமல் டொயோட்டாவின் கார் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றன. ஒரே இடத்தை நம்பியிருந்ததும், கையிருப்பு குறைவாக வைத்திருந்ததுமே காரணம்.

எவ்வளவு கையிருப்பு தேவை?

கணக்கு எளிது. ஒரு பாகம் மாதத்திற்கு 2 வீதம் தேய்கிறது என்று கொள்வோம். கேட்டு எழுதினால் வந்து சேர 2 மாதம் ஆகும். அதற்குள் தேவைப்படுபவை 4. மேலும் ஒரு மாதம் தாமதமானால் வேண்டியவை 2. ஆக, கையிருப்பு 6 ஆகக் குறைந்ததுமே அடுத்த தொகுதிக்கு எழுதிவிட வேண்டும். தீர்ந்த பின் எழுதினால் இரண்டு மாதமாவது ஆலை சும்மா கிடக்கும்.

எப்போதாவது மட்டுமே பழுதாகும் பாகமானாலும், அது இல்லாமல் ஆலை ஓடாது என்றால் ஒன்றை வாங்கி ஈரம் படாமல் வைத்திருங்கள். அதன் விலையை ஆலை நிற்கும் நாட்களின் நட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசியிலேயே இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, தேவையான பாகங்களுக்கு எழுதிவிடுவது நல்லது.

இயந்திரம் வாங்குமுன் கேட்க வேண்டியவை

• எந்தெந்த பாகங்கள் வெளிநாட்டவை? அவை வந்து சேர எத்தனை நாள் ஆகும்?
• அவற்றை இந்தியாவில் யார் இருப்பு வைத்துள்ளார்? வேறொருவரிடமும் கிடைக்குமா?
• பாகங்களின் எண் பட்டியலும் வரைபடமும் தருவார்களா?
• பழுது நீக்க நம் இளைஞர் இருவருக்குப் பயிற்சி தருவார்களா?

இவற்றுக்கான பதிலை எழுத்தில் பெறுங்கள். விலை சற்றுக் குறைவு என்பதற்காகப் பாகம் கிடைக்காத இயந்திரத்தை வாங்காதீர்கள்.

காவலூர் காட்டும் வழி

நம் மலையிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காவலூர் வானாய்வகத்தில் 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியோ நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதன் கண்ணாடிக்கு அவ்வப்போது புதிதாக அலுமினியம் பூச வேண்டும். அதற்கான சாதனமும் மலைமேலேயே உள்ளது. தேவையானது கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

விதைத் தானியத்தைப் பத்திரப்படுத்திய பிறகே மீதியை உண்பது நம் வழக்கம். ஆலையின் உதிரி பாகமும் விதை போன்றதே. இவ்வாண்டு அறுவடைக்கு முன்பே குழுவில் அமர்ந்து பட்டியல் எழுதி, இருப்பைச் சரிபார்த்து, தடையின்றி ஆலையை ஓட்டிப் பயனடையுங்கள்.