7 எழுத்து 30 ஆனது!

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கிறது. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து?

ர, ம, ணா, சி, ர, ம, ம். மொத்தம் 7. பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆனால், கம்ப்யூட்டர் 30 என்று சொன்னது!

அப்படிச் சொன்னது "ஆக்" என்ற கருவி. பட்டியல்களைப் படித்து, எண்ணி, வேண்டியதை வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. 1977-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஏஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய 3 பேர், யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்காக அதை உருவாக்கினார்கள்.

தவறு எங்கே?

கம்ப்யூட்டர், எழுத்தை "பைட்" என்னும் துண்டுகளாக வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் "ண" என்பதற்கு 3 பைட். அதன் துணைக்காலுக்கு இன்னும் 3 பைட்.

ரமணாசிரமத்தில் 7 எழுத்து. கால், கொக்கி, புள்ளி சேர்ந்தால் 10. மும்மூன்று பைட்டாக 30!

"முதல் 10 எழுத்தை வெட்டு" என்றால், "ரமண" என்று வந்தது. கூடவே உடைந்த துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆள் பெயரானால் என்ன ஆகும்?

"ஆக்" கருவியை வேறு சிலரும் எழுதினார்கள். அவற்றில் ஒன்று, அதே பெயருக்கு 10 என்றது. கட்டளை ஒன்று, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் விடை வேறு!

80 வயதில் திருத்தினார்

2022-ல் கெர்னிகனே தம் கருவியைத் திருத்தினார். அப்போது அவருக்கு வயது 80. இப்போது அதுவும் 10 என்கிறது.

7 என்று சொல்ல வைக்க, இன்னும் ஒரு கட்டளை வேண்டும்: "காலையும், கொக்கியையும், புள்ளியையும் தனியாக எண்ணாதே!"

அதைச் சொல்லிக் கொடுக்க, தமிழ் எழுத்து தெரிந்தவர் வேண்டும்.