சுற்றுலாவுக்கு முந்திய பதற்றம்

பூம்புகாருக்கு ஒரு நாள் சுற்றுலா என்று அறிவித்ததும் எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரம் பக்கத்து வகுப்பின் பாடத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் மூன்றாம் நாளே அது அடங்கிப் போயிற்று. எவ்வளவு பணம்? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? பேருந்தில் வாந்தி வந்தால் என்ன செய்வது? வழியில் கழிவறை உண்டா? ஒருத்திக்கும் விடை தெரியவில்லை. மகிழ்ச்சிக்காகப் போகும் பயணம், போகுமுன்பே வயிற்றைக் கலக்குவானேன்?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேரைக் கணினி முன் அமர்த்தி ஒரு விளையாட்டு ஆடச் செய்தார்கள். திரையில் தெரியும் பாறையின் அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின்சாரம் பாயும்! அவர்களுடைய வியர்வையையும் கண்ணின் பாவையையும் அளந்து பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நிச்சயமாக வலிக்கும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வலிக்குமோ வலிக்காதோ என்று பாதிக்குப் பாதி ஐயமாக இருந்தபோதுதான் பதற்றம் மிகுதியாக இருந்தது. தேர்வு முடிவுக்கு முந்திய இரவை நினைத்துப் பாருங்கள். இதற்கு இலண்டன் வரை போகவே வேண்டாம் என்பீர்கள்.

நாங்கள் போகவிருந்த ஊரிலிருந்தே புகழ்பெற்ற பயணம் ஒன்று தொடங்குகிறது. கோவலனும் கண்ணகியும் பெற்றோரிடமும் சொல்லாமல், விடியுமுன் புகாரைவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார்கள். கையிலிருந்த முதல் கண்ணகியின் சிலம்பு மட்டுமே. சிறிது தூரம் நடந்து களைத்த கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். ‘ஆறைங்காதம்’ என்கிறான் கோவலன். அருகில்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஆறைந்து முப்பது காதம். ஆனால் காதில் ஆறோ ஐந்தோ காதம் என்றும் விழும்! இன்றைய சாலைக் கணக்கில் அது 250 கிலோமீட்டருக்கும் மேல். மனைவி கலங்கக் கூடாதே என்ற அன்பினால் அப்படிச் சொன்னான் என்று எங்கள் தமிழாசிரியை விளக்கினார்கள். எங்களுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நடக்க வேண்டியவள் அவள் அல்லவா?

சமணத் துறவியான கவுந்தியடிகளோ அப்படி மழுப்பவில்லை. தாமும் மதுரைக்கு வருவதாகச் சொல்லி, வழியின் தொல்லைகளை ஒன்றொன்றாக எடுத்துரைக்கிறார். சோலை வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த செண்பகப் பூக்கள் மூடியிருக்கும். அவற்றுக்கு விலகி நடந்தால் தலையில் பலாப்பழம் முட்டும். பலாக்கொட்டை பருக்கைக் கல்லாய்க் காலை உறுத்தும். வயல் வழியே போனால் நீர்நாயையும் மீனையும் கண்டு கண்ணகி அஞ்சக்கூடும். நண்டையும் நத்தையையும் மிதிக்க நேரும். இவ்வளவையும் கேட்ட பிறகும் பயணம் நிற்கவில்லை.

இந்தப் பாடம் எங்களுக்குப் பயன்பட்டது ஒரு தோழியின் அம்மாவிடம். அவர்கள் அனுமதிச் சீட்டில் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய பிறந்த வீடு அந்தக் கரையோரத்து மீனவர் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர்கள். நாங்கள் நால்வர் போய், “பயப்படாதீங்க அம்மா, பக்கத்துலதான், ஒண்ணும் ஆகாது” என்றோம். அவர்கள் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது: கோவலன் சொன்னதையே நாங்களும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்!

மறுநாள் அருட்சகோதரியிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் எழுதினோம். தஞ்சையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். காலை 6.30க்குப் புறப்பாடு, இரவு 7.30க்குப் பள்ளி வாயில். 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழுநிலை மாடத்தையும் கடல்சார் அகழ்வைப்பகத்தையும் பார்ப்போம். அடைத்திருந்தால் வெளியே நின்று பார்ப்போம். (அடைத்திருக்கலாம் என்று எழுதலாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது.) கரையில் ஒரு மணி நேரம். காவிரி கடலோடு கலக்கும் இடம் என்பதால் எவரும் கணுக்காலளவுகூட நீரில் இறங்குவதில்லை. கரைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் தலை எண்ணுவோம். தாமதமானால் இரவு 7 மணிக்குத் தொலைபேசியில் சொல்வோம்.

நாள் குறிப்பதிலும் பாதிப் பதற்றம் தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆடிப்பெருக்குக்கும் தை அமாவாசைக்கும் காவிரித்துறையில் பெருங்கூட்டம். ஆகவே அமாவாசையை ஒதுக்கித் தை மாதச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தோம். வாந்திக்கும் காரணம் கண்டோம். பேருந்தில் காதினுள்ளிருக்கும் சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. கண்ணோ மடியிலுள்ள புத்தகம் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டல். ஆகையால் வாந்தி வருவோருக்கு முன்பக்க இருக்கை; தொலைவில் பார்வை; புத்தகத்துக்குத் தடை. காலையில் மூன்று இட்லிக்கு மேல் வேண்டாம் என்றும் எழுதினோம். அதை மட்டும் எவரும் கடைப்பிடிக்கவில்லை.

தோழியின் அம்மா தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். “தலை எண்றது யாரு?” என்று மட்டும் கேட்டார்கள். பெயரைச் சொன்னோம். கையொப்பமிட்டார்கள்.

திரும்பும்போது கும்பகோணத்தில் வண்டி நெரிசலில் சிக்கிக்கொண்டது. 7 மணிக்கு ஆசிரியை எல்லா வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசினார்கள். பள்ளி வாயிலை அடைந்தபோது மணி 8.10. தோழியின் அம்மா மதிலோரம் நின்றிருந்தார்கள். ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா என்று தயங்கிக் கேட்டோம்.

“இல்லம்மா, போன் வந்துச்சுல்ல. உலையில அரிசியப் போட்டு, வடிச்சு வச்சிட்டு இப்பத்தான் வந்தேன்.”