பவுன்சர் வேலை அடிதடியா? இரவு விடுதி வாசலில் நடப்பது என்ன?

கறுப்புச் சட்டை. கைகட்டி நிற்கும் தோரணை. பாதி வாசலை மறைக்கும் உடம்பு. இரவு விடுதிக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டாமல் உள்ளே போகமுடியாது.

"பவுன்சர்னா அடிக்கிறதுதானே வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு.

உண்மையில் யார்மீதும் கை வைக்காமல் இரவு முடிந்தால்தான் அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்.

உடம்பு இருந்தால் போதுமா?

போதாது. சிங்கப்பூரில் தனியார் பாதுகாவல் துறைச் சட்டத்தின்கீழ் பவுன்சரும் ஒரு பாதுகாவல் அதிகாரிதான். கடைத்தொகுதியிலும் கூட்டுரிமை வீட்டிலும் நீங்கள் பார்க்கும் பாதுகாவல் அதிகாரிகளைப் போலவே அவருக்கும் காவல்துறையின் உரிமம் தேவை. அசம்பாவிதங்களைக் கையாள்வது, பயங்கரவாத மிரட்டலை அடையாளம் காண்பது போன்றவற்றில் அவர் பயிற்சி பெற்றுத் தேறவேண்டும்.

அந்தக் காலத்தில் கடை வாசலிலும் வங்கி வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டு இரவெல்லாம் காவல் காத்த 'ஜாகா'க்களைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் காத்தது பொருளை. விடுதி வாசலில் நிற்பவர் காக்கவேண்டியது ஆள்களை. அதுவும் மது அருந்திய ஆள்களை.

வாசலில் எதைப் பார்க்கிறார்?

- வயது: உரிமம் பெற்ற இடங்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. சில விடுதிகள் அதைவிடக் கூடுதலான வயது வரம்பு வைத்திருக்கின்றன. அதனால்தான் "ஐசி இருக்கா?" என்ற கேள்வி. 30 வயதானவரிடம் கேட்டாலும் கோபப்பட வேண்டாம்.

- போதை: நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா, வரிசையிலேயே சண்டைக்கு நிற்கிறாரா என்று கவனிப்பார். வாசலில் 2 நிமிடத்தில் பேசி அனுப்பக்கூடிய ஒருவரை உள்ளே விட்டுவிட்டால் நள்ளிரவில் 4 பேர் சேர்ந்து தூக்கிவர வேண்டியிருக்கும்.

- பை: ஆயுதம், போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார். பையைக் காட்ட நீங்கள் மறுக்கலாம். உங்களை உள்ளே விட விடுதியும் மறுக்கலாம்.

- எண்ணிக்கை: எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கணக்கு வைக்கவேண்டும். இடம் நிறைந்துவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவருக்கு என்ன அதிகாரம் உண்டு?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. பவுன்சர் காவல்துறை அதிகாரி அல்லர். அவரிடம் இருப்பது, இடத்துக்குச் சொந்தக்காரர் சார்பில் "உள்ளே வராதீங்க", "வெளியே போயிடுங்க" என்று சொல்லும் உரிமை.

கண்ணெதிரே கடுமையான குற்றம் நடந்தால், சட்டம் பொதுமக்களுக்கு அனுமதிக்கும் அளவில் அவரும் ஆளைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதமின்றிக் காவல்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். தாக்க வந்தால் தற்காத்துக் கொள்ளலாம். அதற்குத் தேவையான அளவுதான் பலத்தைப் பயன்படுத்தலாம். அடங்கிவிட்டவரை அதற்குமேல் அடித்தால் வழக்கு அவர்மீதே பாயும்.

பிடிக்கும் முறையிலும் ஆபத்து இருக்கிறது. ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அழுத்தினால் அவர் மூச்சுவிட முடியாமல் போகலாம். கழுத்தை இறுக்கினாலும் அப்படித்தான். போதையில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். "மூச்சு முட்டுது" என்று ஒருவர் சொன்னால் அது நடிப்பா என்று யோசிக்க நேரமில்லை.

அதேபோல் பாதுகாவல் அதிகாரிகளைத் தாக்குவோருக்கும் துன்புறுத்துவோருக்கும் 2022 மே மாதத்திலிருந்து தண்டனை கடுமையாக்கப்பட்டுள்ளது. "குடிச்சிருந்தேன், தெரியாம அடிச்சிட்டேன்" என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

வாசல் அடைபட்டால்?

2013 ஜனவரி 27. பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' எனும் இரவு விடுதி. மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி கூரையில் பட்டுத் தீப்பிடித்தது. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. பணம் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பாதுகாவலர்கள் முதலில் தடுத்ததாக உயிர்தப்பியவர்கள் கூறினர். வெளியேற வேறு வழியும் இல்லை. 242 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளையர்கள். நச்சுப் புகையே பலரின் உயிரைக் குடித்தது.

ஆளை உள்ளே விடாமல் நிறுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது வழிவிட வேண்டும் என்பதும் வாசலில் நிற்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த முடிவை எடுக்க அவருக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். கூட்டத்தை எண்ணுவதும், அவசர வழியில் நாற்காலி போடவிடாமல் பார்த்துக்கொள்வதும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- உள்ளே விடவில்லை என்றால் காரணம் கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

- வெளியே போகச் சொன்னால் முதலில் போய்விடுங்கள். புகார் இருந்தால் பிறகு நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தாக்கப்பட்டால் 999ஐ அழைத்துக் காவல்துறையிடம் புகார் கொடுங்கள்.

- உள்ளே யாராவது தொந்தரவு செய்தால் நீங்களே சண்டைக்குப் போகாமல் பவுன்சரிடம் சொல்லுங்கள். அவர் அங்கே இருப்பது உங்களுக்காகவும்தான்.

- நண்பர் நிதானம் இழந்தால் தனியாக டாக்சியில் ஏற்றி அனுப்பாதீர்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 995ஐ அழையுங்கள்.

- உள்ளே நுழைந்ததும், வந்த வழியைத் தவிர வேறு எந்த வழியாக வெளியேறலாம் என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.