கோடு பொருந்தினால் போதுமா?

தெர்மோகோலுக்கு மூலமான ஸ்டைரீன், அக்ரிலிக் பலகைக்கு மூலமான மெத்தில் மெத்தாக்ரிலேட். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இந்த இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்து, கலவையில் எது எவ்வளவு, சங்கிலியில் எது எவ்வளவு என்று அளந்த பத்துப் புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து, அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தேன். 1950-இல் வந்த ஃபைன்மன்–ராஸ் முறை. ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “எது ஒண்ணு, எது ரெண்டு? மாத்திப் போட்டுப் பாரு தம்பி.” மாற்றினேன். விடையும் மாறிவிட்டது! சமன்பாட்டைக் கோடாக்க வளைத்ததில் பிழைகளும் சேர்ந்து வளைந்திருந்தன.

கதம்பம் கட்டுகிறவர், கடைசியாக வைத்த பூவைப் பார்த்தே அடுத்தது மல்லியா கனகாம்பரமா என்று முடிவெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு மேயோவும் லூயிஸும் 1944-இல் சொன்ன கணித மாதிரி அதுதான். முனைக்கு ஒன்றாக இரண்டே எண்கள்: தன் இனத்தைச் சேர்க்கும் வேகத்தை மாற்றினத்தைச் சேர்க்கும் வேகத்தால் வகுத்தது. என் ஜோடிக்கு இரண்டும் சுமார் 0.5, அதாவது, ஒவ்வொரு முனைக்கும் தன் இனத்தைவிட மாற்றினத்தின் மேல்தான் ஆசை. 1946-இல் மெர்ஸ், ஆல்ஃப்ரே, கோல்ட்ஃபிங்கர் மூவரும் அதற்கு முந்தைய பூவையும் கணக்கில் சேர்த்தார்கள். எண்கள் நான்காயின.

நான்கு எண் உள்ளது எப்படியும் நன்றாகத்தான் பொருந்தும். அந்தக் கூடுதல் பொருத்தம் தற்செயல் பிழையாலேயே வந்திருக்குமா என்று புள்ளியியலின் எஃப் சோதனை பார்க்கும். அகாய்கேயின் அளவுகோல் கூடுதல் எண் ஒவ்வொன்றுக்கும் 2 அபராதம் போடும்.

எந்தக் கலவையில் சோதிப்பது என்பதுதான் ருசியான இடம். மேயோ–லூயிஸை நம்பினால் இரண்டு கலவைகள் போதும் என்று டிட்வெல்லும் மார்ட்டிமரும் 1965-இல் காட்டினார்கள். அவர்கள் கணக்குப்படி என் ஜோடிக்கு ஸ்டைரீன் சுமார் 79 சதவீதம் ஒன்று, 19 சதவீதம் ஒன்று. ஆனால் இரண்டு இடம், இரண்டு எண் என்றால் மாதிரி தப்பானாலும் பொருந்திவிடுமே! சந்தேகப்படுகிறவருக்கு 1967-இல் பாக்ஸும் ஹில்லும் சொன்ன வழி வேறு: இரு மாதிரிகளின் கணிப்பும், அளவைப் பிழையையும் தாண்டி, எங்கே மிக விலகுகின்றனவோ அங்கே அடுத்த சோதனையைச் செய்.

ஜப்பானில் ஃபுகுடா, மா, இனாகாகி மூவரும் 1985-இல் இதே ஜோடியின் சங்கிலி வளரும் வேகத்தை அளந்தார்கள். சங்கிலியில் எது எவ்வளவு என்பது மேயோ–லூயிஸ் மாதிரிக்கு ஒத்துவந்தது, வேகம் ஒத்துவரவில்லை. முந்தைய பூ, அடுத்தது எது என்பதில் தலையிடாமல், எத்தனை வேகத்தில் என்பதில் தலையிடுகிறது போலும். என் பத்துப் புள்ளிகள் நூறாகியிருந்தாலும் அதைச் சொல்லியிருக்காது. நான் வேகத்தை அளக்கவே இல்லை.